மலையில்லா ஊரின் மலைப் பித்து

கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. ஆனாலும் ஹவுராவும் அதன் சுற்றுப்புறமும் மலையேறிகளையும் நெடுந்தூர நீச்சல்காரர்களையும் தொடர்ந்து உருவாக்குகின்றன. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல.

குளிர்காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் ஹவுரா ரயில் நிலையத்தின் புதிய கட்டடப் பகுதியில் தனி ரகமான பயணிகள் கூட்டம் ஒன்றைக் காணலாம். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் முதுகுப்பை, அதன் பக்கவாட்டில் தொங்கும் ஹெல்மெட், தோளில் சுருட்டிப் போட்ட கயிறு, கையில் சமையல் பாத்திரங்கள், காதை மூடிய குரங்குக் குல்லாய். வங்கி ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பெண்கள், பெலிலியஸ் சாலைப் பட்டறைகளில் லேத் ஓட்டும் இளைஞர்கள் என்று எல்லா வகையினரும் அதில் உண்டு. சக்ரதர்பூர் செல்லும் இரவு ரயிலுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். விடியற்காலையில் சாத்னா, ஜாய்சண்டி, புருலியா என்று ஆங்காங்கே இறங்கி, அடுத்த இரண்டு மூன்று நாட்களைப் பாறைகளில் கழிப்பார்கள்.

வேடிக்கைதான். ஹவுரா கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். எங்கே தோண்டினாலும் கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும்தான். மாவட்டத்தில் ஏறுவதற்கென்று ஒரு பாறைகூட இல்லை. ஊரில் உயரமாக நிற்பவற்றில் ஒன்று 1943-ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம். இப்படிப்பட்ட இடத்தில் மலையேற்றச் சங்கங்கள் பேட்டைக்குப் பேட்டை இயங்குகின்றன. எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர்களும் இங்கிருந்து போயிருக்கிறார்கள். போய்த் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள்.

மலையும் நீரும் கூப்பிடு தூரத்தில் கிடைத்த நகரங்கள் உலகில் உண்டு. பிரான்ஸின் மார்சேய் துறைமுகம் அதற்கு நல்ல உதாரணம். அங்கிருந்து கிழக்கே காசி என்ற சிற்றூர் வரை மத்தியதரைக் கடலோரமாகச் சுமார் 20 கிலோமீட்டருக்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் நீள்கிறது. அதன் இடுக்குகளில் கடல் நுழைந்து நிற்கும் குறுகிய, செங்குத்தான குடாக்களுக்கு ‘கலான்க்’ என்று பெயர். பனியுகத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது இவை வெறும் பள்ளத்தாக்குகள். பனி உருகிக் கடல் உயர்ந்ததும் மூழ்கின. இதற்குச் சாட்சி அங்கேயே இருக்கிறது. 1985-ல் ஆன்றி கோஸ்கெர் என்ற முக்குளிப்பவர் கண்டுபிடித்த குகையின் வாயில் இன்று கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் உள்ளது. உள்ளே ஆதிமனிதன் தீட்டிய குதிரைகளும் காட்டெருமைகளும் இருக்கின்றன. அவன் அந்தக் குகைக்கு நடந்தே போயிருக்கிறான்.

மார்சேய்வாசிகளுக்குக் காலையில் நடை, பகலில் பாறை ஏற்றம், மாலையில் கடல் குளியல் எல்லாமே நகரப் பேருந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன. 1897-லேயே அங்கு நடைப்பயணிகள் சங்கம் தோன்றிவிட்டது. 1921-ல் அந்த நகரில் பிறந்த காஸ்தோன் ரெபுஃபா இந்தச் சுண்ணாம்புப் பாறைகளில் கைப்பழக்கம் பெற்றுத்தான் ஆல்ப்ஸுக்குப் போனார். பின்னர் 1950-ல் அன்னபூர்ணா ஏறிய பிரெஞ்சுக் குழுவில் இடம் பெற்றார். மனிதன் ஏறிய முதல் எட்டாயிரம் மீட்டர் சிகரம் அதுதான்.

ஹவுராவாசிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாறைக்கு ஓர் இரவு ரயில். நீச்சலுக்கு வீட்டருகே ஒரு குளம், அதற்கப்பால் ஹூக்ளி. கடல் வேண்டுமானால் இன்னும் தொலைவு. மார்சேய்க்காரர் ஒரே பகலில் முடிக்கும் காரியத்தை இவர்கள் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி.

குன்றுகளின் பள்ளிக்கூடம்

வங்காளத்து மலையேறிகளில் பெரும்பாலோருக்கு அரிச்சுவடி பாங்குரா மாவட்டத்து சுசுனியா. சுமார் 440 மீட்டர் உயரம். சாத்னா ரயில் நிலையத்திலிருந்து அருகில். அடிவாரத்தில் வற்றாத ஊற்று. மலைமேல் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சந்திரவர்மன் என்ற அரசனின் கல்வெட்டு. வங்காளத்தில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. அதற்குச் சற்று அப்பால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பாறையெங்கும் வண்ண வண்ணக் கயிறுகள் தொங்கும்.

அடுத்த வகுப்பு புருலியா மாவட்டத்து ஜாய்சண்டி. ரயிலிலிருந்தே தெரியும் மொட்டைப் பாறைக் குன்றுகள். சத்யஜித் ராய் ‘ஹீரக் ராஜார் தேஷே’ படத்தை (1980) இங்கு எடுத்த பிறகு இந்த இடம் வங்காளிகள் அனைவருக்கும் தெரிந்துவிட்டது. படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும் பாறை ஏறுபவர்களுக்கு அதன் விரிசல்களும் விளிம்புகளும்தான் முக்கியம். இன்னும் மேற்கே அயோத்தியா மலைப் பகுதியில் மாதாபுரு, கஜாபுரு. ‘புரு’ என்றால் சந்தால், முண்டா மொழிகளில் மலை. பெயரே மலை யாருடையது என்று சொல்லிவிடுகிறது.

சங்கங்கள் நடத்தும் முகாம்களில் ஆடம்பரம் கிடையாது. கூடாரம், கிச்சடி, ஊற்று நீர். முடிச்சு போடுவதில் தொடங்குவார்கள். பிறகு ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்துக் காப்பது, கயிற்றில் இறங்குவது, கடைசியில் ஏறுவது. கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத மூத்த உறுப்பினர்கள். டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிலகத்திலோ உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிலகத்திலோ சுமார் நான்கு வாரப் பயிற்சி முடித்தவர்கள்.

இந்தப் பித்துக்கு வரலாறு உண்டு. எவரெஸ்டின் உயரத்தை 1852-ல் கணக்கிட்டுச் சொன்னவர் என்று வங்காளம் கொண்டாடும் ராதாநாத் சிக்தார் எந்த மலையும் ஏறியவரல்ல, கணக்காளர். அவர் வேலை பார்த்த மாபெரும் நில அளவை தொடங்கியது சென்னை பரங்கிமலை அருகே, 1802-ல் என்பது தமிழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். சமவெளியில் தொடங்கிய கோடு ஐம்பது ஆண்டுகளில் உலகின் உச்சியில் போய் முட்டியது.

1953-ல் டென்சிங் எவரெஸ்ட் ஏறியதும் அவர் குடியிருந்த டார்ஜிலிங் வங்காள இளைஞர்களின் கனவூராயிற்று. 1960-ல் சுகுமார் ராய் தலைமையில் ஒரு வங்காளக் குழு கட்வாலில் உள்ள நந்தா குண்டி சிகரத்தை ஏறியது. ராணுவமோ அரசோ அனுப்பாத சாதாரண ஆசாமிகளாலும் இது முடியும் என்று நிரூபித்த பயணம் அது. அதன் பின் சங்கங்கள் பெருகின. பூஜை விடுமுறையில் ஆறாயிரம் மீட்டர் சிகரங்களைத் தேடிப் போவது வங்காள நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாயிற்று.

தண்ணீரின் பக்கம்

பாறையில் ஒரு கால் என்றால் நீரில் இன்னொரு கால். இந்தியாவிலிருந்து ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திக் கடந்த மிஹிர் சென் பிறந்தது, ஹவுரா மலையேறிகள் பாறை தேடிப் போகும் அதே புருலியாவில். 1958 செப்டம்பரில் கால்வாயைக் கடந்தவர், 1966-ல் ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளை நீந்தினார். முதலாவது தமிழர்களுக்குப் பழக்கமானது: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணை. கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வர, 25 மணி நேரத்துக்கும் மேல் நீந்தினார். அடுத்து மத்தியதரைக் கடலின் மேற்கு வாசலான ஜிப்ரால்டர், கிழக்கே தார்தனெல்ஸ், பாஸ்பரஸ், கடைசியில் பனாமா கால்வாய்.

ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய அகலம் சுமார் 14 கிலோமீட்டர்தான். தொல்லை தருவது நீரோட்டம். மத்தியதரைக் கடலில் ஆறுகள் கொண்டுவரும் நீரைவிட வெயிலில் ஆவியாகும் நீர் அதிகம். அந்தப் பற்றாக்குறையை நிரப்ப அட்லாண்டிக் நீர் மேல்மட்டத்தில் ஓயாமல் உள்ளே பாய்கிறது. கரைக்குக் கரை நீந்துபவரை அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். ஓடும் நீரில் நீந்திப் பழகியவருக்கே அங்கு காலம் தள்ள முடியும்.

வங்காளத்தில் அந்தப் பழக்கத்துக்குப் பஞ்சமில்லை. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் ஜங்கிப்பூர் அருகே அஹிரனிலிருந்து பஹரம்பூர் வரை பாகீரதி ஆற்றில் நடக்கும் நீச்சல் போட்டியின் தூரம் 81 கிலோமீட்டர். உலகின் மிக நீளமான நீச்சல் போட்டி என்று அமைப்பாளர்கள் பெருமைப்படுகிறார்கள். முதலில் வருபவருக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஃபராக்கா அணையிலிருந்து வரும் கால்வாய் பாகீரதியில் சேரும் பகுதியில் போட்டி தொடங்குவதால் ஓட்டத்துக்குக் குறைவில்லை.

1959-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, அதைச் சாதித்த முதல் ஆசியப் பெண் என்ற பெயர் பெற்ற ஆரத்தி சாஹா கொல்கத்தாக்காரர். ஹவுராவிலிருந்து பாண்டெல் போகும் மின்ரயில் தடத்தில் இருக்கும் ஹிந்த்மோட்டாரிலிருந்து வந்தவர் புலா சௌத்ரி. ஆங்கிலக் கால்வாயை இருமுறை கடந்த அவர், 2000-ல் ஜிப்ரால்டரையும் பின்னர் இத்தாலி, கிரீஸ் கடலோரங்களையும் நீந்தி, ஐந்து கண்டங்களின் கடல்களில் நீந்திய பெண் என்று புகழ் பெற்றார். சிறுவயதில் ரயில் விபத்தில் இரு கால்களையும் இழந்த மசூதுர் ரஹ்மான் பைத்யா 1997-ல் ஆங்கிலக் கால்வாயையும் 2001-ல் ஜிப்ரால்டரையும் கடந்தார். 2015-ல் ஹவுரா மாவட்டத்து தஹ்ரினா நஸ்ரின் ஆங்கிலக் கால்வாய் கடந்தோர் வரிசையில் சேர்ந்தார்.

மிஹிர் சென்னின் ஐந்து நீர்வழிச் சாதனையை 1994-ல் முறியடித்தவர் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன். பன்னிரண்டு வயதில் ஒரே ஆண்டில் ஆறு நீர்வழிகள். வங்காளமும் தமிழகமும் பாக் நீரிணையில் கைகுலுக்கிக்கொண்ட கதை இது.

ஆனால் சாதனையாளர்களின் பின்வாழ்க்கை எப்போதும் இனிப்பானதல்ல. மிஹிர் சென் 1997-ல் காலமானபோது நோயுற்று, பெரும்பாலோரால் மறக்கப்பட்டவராக இருந்தார். கொண்டாட்டம் கரையேறும் நாளோடு முடிந்துவிடுகிறது என்பது நீச்சல்காரர்களின் பழைய மனக்குறை. மலையேறிகளுக்கு அதைவிடக் கடுமையான குறை ஒன்று வந்து சேர்ந்தது.

எட்டாயிரத்தின் விலை

2010 மே மாதம் கிருஷ்ணநகர் சங்கத்தைச் சேர்ந்த பசந்த சிங்க ராயும் தேபாசிஷ் பிஸ்வாஸும் எவரெஸ்ட் ஏறினார்கள். ராணுவம் சாராத வங்காளிகள் எட்டிய அந்த உச்சி, மாநிலத்தின் சங்கங்கள் அனைத்தையும் உசுப்பிவிட்டது. ஆறாயிரம் மீட்டரில் திருப்தி கண்டவர்களின் கண் எட்டாயிரத்தின் மீது விழுந்தது.

ஹவுராவின் சந்தா காயென் 2013 மே 18 அன்று எவரெஸ்டில் நின்றார். அதே பயணத்தில் பக்கத்துச் சிகரமான லோட்சேயையும் ஏறினார். ஊர் தூக்கிவைத்துக் கொண்டாடியது. சரியாக ஓராண்டு கழித்து, 2014 மே 18 அன்று, 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவின் பிரதான உச்சியை எட்டினார். அதோடு இறங்கியிருக்கலாம். அதன் மேற்குச் சிகரமான யாலுங் காங்கையும் ஏறப் புறப்பட்டவரை இரண்டு ஷெர்பாக்களோடு பனிச்சரிவு கொண்டுபோயிற்று. வயது 34. உடல் கிடைக்கவில்லை. மாநில அரசு அவர் பெயரில் துணிச்சலுக்கான விருது ஒன்றை நிறுவியது.

பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2016 மே மாதம் எவரெஸ்டில் சுபாஷ் பால், பரேஷ் நாத், கௌதம் கோஷ் என்று மேற்கு வங்கத்தவர் மூவர் இறந்தனர். பரேஷ் நாத் துர்காபூரில் தையற்கடை வைத்திருந்தவர், ஒரு கையை இழந்தவர். கௌதம் கோஷ் போலீஸ்காரர். உடன் சென்ற சுனிதா ஹஸ்ரா என்ற செவிலியர் முன்பின் தெரியாத பிரிட்டிஷ் மலையேறி ஒருவரின் உதவியால் பிழைத்தார். பரேஷ், கௌதம் இருவரின் உடல்களும் ஓராண்டு கழித்தே கீழே வந்தன.

2019 மே மாதம் மறுபடியும் இடி. கஞ்சன்ஜங்காவில் பிப்லப் பைத்யாவும் ஹவுராவின் குந்தல் காராரும் மடிந்தனர். அதே மாதத்தில் மகாலுவிலிருந்து இறங்கும் வழியில் ஹவுராவைச் சேர்ந்த தீபங்கர் கோஷ் காணாமல் போனார். பின்னர் உடல்தான் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே நகரம் மூன்று மலையேறிகளைப் பறிகொடுத்தது.

ஏன் இப்படி? காரணங்களில் முதலாவது உடம்பு சம்பந்தப்பட்டது. எட்டாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். எவ்வளவு பழகினாலும் அங்கு உடல் தேறாது, தேய மட்டுமே செய்யும். நுரையீரலில் நீர் கோக்கும். மூளை வீங்கும். தீர்மானிக்கும் சக்தி குறையும். சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் ஒரு கணக்கு வைத்துத்தான் கொண்டுபோகப்படுகிறது. ஏறும்போது தாமதமானால் இறங்கும்போது அது தீர்ந்துவிடும். மாண்டவர்களில் பலர் இறங்கும் வழியில் மாண்டதற்குக் காரணம் இதுதான். 440 மீட்டர் சுசுனியா கைக்கும் காலுக்கும் பயிற்சி தரும், நுரையீரலுக்குத் தராது.

இரண்டாவது காரணம் பணம். எவரெஸ்ட் ஏற நேபாள அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மட்டும் நீண்ட காலம் 11,000 டாலராக இருந்து, 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலராகிவிட்டது. ஷெர்பா, ஆக்சிஜன், உணவு, காப்பீடு எல்லாம் சேர்ந்தால் பல லட்சங்கள். சேமநிதியில் கடன், மனைவியின் நகை, நண்பர்களின் நன்கொடை என்று திரட்டிக்கொண்டு போகிறவருக்கு, உச்சிக்கு 200 மீட்டர் கீழே நின்று ‘நேரமாகிவிட்டது, திரும்பிவிடலாம்’ என்று முடிவெடுப்பது எளிதா? மறுமுறை வருவதற்குப் பணம் இல்லை என்ற நினைவே காலை முன்னே தள்ளுகிறது. வசதி படைத்த வெளிநாட்டவர் திரும்பிப் போய் அடுத்த ஆண்டு வரலாம். ஹவுரா குமாஸ்தாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு எவரெஸ்ட்தான்.

செலவைக் குறைக்க வழி தேடும்போது பாதுகாப்பில்தான் கை வைக்க நேர்கிறது. ஆக்சிஜன் சிலிண்டரில் ஒன்று குறையும், அனுபவமுள்ள ஷெர்பாவுக்குப் பதில் மலிவாகக் கிடைப்பவர் வருவார், உடம்பு பழகுவதற்கான நாட்கள் விடுமுறைக்கேற்பச் சுருங்கும்.

மூன்றாவது காரணம் புகழின் விதி. யாரும் பெயர் வைக்காத ஆறாயிரம் மீட்டர் சிகரத்தைச் சொந்த முயற்சியில், சொந்தமாக வழி கண்டுபிடித்து ஏறியவருக்குப் பத்திரிகையில் நான்கு வரி கிடைத்தால் அதிகம். கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து எவரெஸ்ட் ஏறியவருக்கு மாலையும் மேளமும். நிதி தருபவர்களுக்கும் எட்டாயிரம்தான் கண்ணில் படுகிறது. நந்தா குண்டி காலத்துப் பரம்பரைக்கு இது நேர் எதிரானது.

இத்தனைக்கும் பிறகு ஓட்டம் நின்றுவிடவில்லை. ஹவுரா தடத்திலேயே உள்ள சந்தன்நகரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை பியாலி பசாக் 2021-ல் தவுளகிரியைச் செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார். 2022 எவரெஸ்ட் பயணத்துக்கு ஊரெங்கும் நன்கொடை திரட்டித்தான் போனார். தமிழகத்திலும் காற்று அடிக்கிறது. 2023 மே மாதம் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழகப் பெண்ணானார். அவருக்குத் தமிழக அரசு நிதியுதவி அளித்தது. எனவே வங்காளத்தின் அனுபவம் இனி வங்காளத்துக்கு மட்டும் உரியதல்ல.

செய்யக்கூடியவை இல்லாமலில்லை. உச்சியைத் தொட்டால்தான் பணம் என்றில்லாமல், திரும்பி வந்தவருக்கு மறுமுயற்சிக்கும் உதவி என்று நிதித் திட்டங்களை மாற்றலாம். எட்டாயிரத்துக்கு முன் ஆறாயிரம், ஏழாயிரம் என்று படிப்படியான அனுபவத்தை நிபந்தனையாக்கலாம். மீட்புச் செலவை உள்ளடக்கிய காப்பீட்டைக் கட்டாயமாக்கலாம். மேற்கு வங்க அரசின் மலையேற்ற, சாகச விளையாட்டு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. இந்த வேலைகளுக்குப் புதிய அலுவலகம் ஏதும் வேண்டியதில்லை.

குன்றுகளையும் கவனிக்க வேண்டும். பிக்னிக் கும்பல்கள் விட்டுப்போகும் தெர்மோகோல் தட்டுகளும் பிளாஸ்டிக் பைகளும் சுசுனியா ஊற்றருகே பழகிய காட்சி. கலான்க் பகுதி 2012-ல் தேசியப் பூங்காவாகியும் கூட்டம் அடங்காததால், சுகிதோன் என்ற குடாவுக்கு 2022 கோடையிலிருந்து முன்பதிவு செய்த 400 பேரை மட்டுமே நாளொன்றுக்கு அனுமதிக்கிறார்கள். அயோத்தியா மலைக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அதைத் தீர்மானிக்கும்போது சங்கங்களோடு, ‘புரு’ என்று அதற்குப் பெயரிட்ட சந்தால் கிராமத்தவரையும் கேட்பது நியாயம்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமலில்லை. 2014-க்கும் 2019-க்கும் பிறகு, மகளைப் பாறை முகாமுக்கு அனுப்பத் தயங்காத தாய் ஹவுராவில் அபூர்வம். ஆனாலும் அனுப்புகிறார்கள். நெருக்கியடித்த சந்துகளில் வளரும் பெண், இருபது அடிப் பாறையில் தன் கையை மட்டும் நம்பி ஏறி, கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் தோழியை நம்பி இறங்கிவந்தால் அவளிடம் தெரியும் மாற்றத்தை அம்மாக்களும் கவனித்திருக்கிறார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் எவரெஸ்ட் பக்கம் போகப் போவதில்லை. ஞாயிறு இரவு ரயில் ஏறி, திங்கள் காலை கையெல்லாம் சிராய்ப்போடு கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள். மலையில்லா ஊருக்கு அதுவே பெரிய ஏற்றம்தான்.